மலையேறிய பள்ளிக்கூடம்

மட்ரிட் மாநகரிலுள்ள பிராடோ ஓவியக் காட்சிசாலையிலே, பதினேழாம் நூற்றாண்டின் பேரோவியராகிய வெலாஸ்கெஸ் தீட்டிய படமொன்று இருக்கிறது. ஸ்பெயின் மன்னன் நான்காம் பிலிப்பின் மைந்தன், ஐந்தாறு வயதுப் பாலகன், பாய்ந்து வரும் குதிரைமேல் வீற்றிருக்கிறான். கையிலே தளபதிக்குரிய கோல். மார்பின் குறுக்கே பட்டுப்பட்டி. காண்போர் கண்கள் சிறுவனின் முகத்திலும் குதிரையின் பருத்த வயிற்றிலுமே தங்கும். அவனுக்குப் பின்னால் நீலமும் வெண்மையும் கலந்த மலைத்தொடரொன்று நீண்டு கிடக்கிறது. அதனை நின்று பார்ப்போர் சிலரே.

காட்சிசாலையை விட்டு வெளியே வந்து, வானம் தெளிந்த ஒரு காலைப்பொழுதில், அரண்மனை இருக்கும் மேட்டிலே நின்று வடமேற்கே நோக்கினால் அந்த மலைத்தொடரே கண்ணெதிரே தோன்றும். அதன் பெயர் குவாதர்ராமா. நகரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவிலே உள்ளது. இன்று சனி, ஞாயிறு நாட்களில் மட்ரிட் மக்கள் பெருந்தொகையாக அம்மலைக்குச் செல்கின்றனர். முதுகிலே பையும் கையிலே ஊன்றுகோலுமாக இளைஞரும் முதியோரும் புகையிரத நிலையங்களிலே காத்து நிற்பர். நகரவாசிக்கும் மலைக்கும் உள்ள இந்த உறவு தொன்றுதொட்டு வந்தது என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. பல நூற்றாண்டுகளாக அம்மலை, படத்தில் உள்ளவாறே, அரசனின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அது முன்னுக்கு வந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அதனை முன்னுக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அந்த வரலாற்றைப் பாடசாலை அதிபன் ஒருவன் சொல்ல விழைவதில் வியப்பில்லை அல்லவா?

முதலில் அந்த நிலத்தைச் சற்று அறிந்துகொள்வோம். மட்ரிட் நகரமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீற்றர் உயரத்திலுள்ள மேட்டுநிலத்தில் அமைந்தது. கோடையில் வெயில் கொளுத்தும். மாரியில் குளிர் எலும்பைத் துளைக்கும். நகருக்கு வடமேற்கிலே தென்மேற்கு வடகிழக்காக நீளும் குவாதர்ராமா, பழைய காஸ்தீல் நாட்டை இரண்டாகப் பகுக்கும் சுவர் போன்றது. அதன் அதியுயர்ந்த சிகரம் பெனியலாரா, 2,428 மீற்றர். சரிவுகளிலே அடர்ந்த தேவதாரு இனக் காடுகள். அவற்றுக்கு மேலே புதர்களும் வெறும் பாறையும். மாரிகாலத்தில் உச்சிகள் பனி போர்த்து நிற்கும். மட்ரிட்டை அணைந்து செல்லும் மன்சனாரெஸ் என்னும் சிற்றாறு இம்மலையிலேதான் பிறக்கிறது.

பண்டைக் காலத்தவருக்கு இம்மலை கடந்து செல்லவேண்டிய ஒரு தடை. நீரும் மரமும் புல்லும் தரும் ஒரு களஞ்சியம். உரோமர் புவென்ஃப்ரியா என்னும் கணவாய் வழியாகச் சாலை அமைத்தனர். செர்செதில்யா என்ற ஊரிலிருந்து அந்தப் பாதையில் இன்றும் நடந்து போகலாம். ஆயினும் இன்று காணும் கற்பாவலில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் அரச வண்டிகளுக்காகப் போடப்பட்டது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். மலையின் மறுபக்கத்திலே செகோவியா நகரம். அங்கே உரோமர் கட்டிய நீர்ப்பாலம், சுண்ணாம்புச் சாந்து எதுவுமின்றி, கருங்கல்லின்மேல் கருங்கல் வைத்து எழுப்பப்பட்டது. மிக உயர்ந்த இடத்தில் ஏறக்குறைய 28 மீற்றர் உயரம். அதன்மேல் ஓடிய நீர் குவாதர்ராமாவின் ஓடை நீரே. பதினோராம் நூற்றாண்டுப் போரில் இடிந்த வளைவுகள் பதினைந்தாம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டன.

இடைக்காலத்திலே, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான ஆடுகள் கோடையில் வடக்கே மலைப்புல்லை நாடியும் மாரியில் தெற்கே சமவெளியை நாடியும் இக்கணவாய்களைக் கடந்தன. ஈத்தா என்னும் ஊரின் தலைமைக் குரு ஹுவான் ரூயிஸ் பதினான்காம் நூற்றாண்டில் இயற்றிய காவியத்திலே, தாம் இம்மலையைக் கடந்தபோது பட்ட பாட்டை நகைச்சுவையோடு பாடினார். குளிரிலே வழி தவறி, வலிய மலைப்பெண்களிடம் அகப்பட்டுத் தவித்த கதை அது. மலையை விரைவிலே கடந்து அப்பால் போய்விடவேண்டும் என்பதே அக்காலத்துப் பயணியின் வேண்டுதல்.

மன்னர்கள் மலையடிவாரத்தை விரும்பினர். 1561இல் மட்ரிட்டைத் தன் ஆட்சித் தலமாக்கிய இரண்டாம் பிலிப், 1563 முதல் 1584 வரை எல் எஸ்கோரியல் என்னும் பெருங் கட்டடத்தை மலையின் தெற்குச் சரிவிலே எழுப்பினான். மடமும் அரண்மனையும் நூல்நிலையமும் அரசரின் கல்லறையும் ஒரே கருங்கற் சுவருக்குள்ளே அடங்கின. ஹுவான் பௌதிஸ்தா தெ தொலேதோ தொடங்கிய பணியை ஹுவான் தெ எர்ரேரா முடித்தார். அங்கேயே 1598இல் அம்மன்னன் உயிர் நீத்தான். மலையின் வடக்குச் சரிவிலே, ஐந்தாம் பிலிப் 1721 முதல் லா கிராங்ஹா அரண்மனையையும் நீரூற்றுப் பூங்காவையும் அமைத்தான். ஆனால் இவர்கள் எல்லோரும் மலையை நாடியது வேட்டைக்கும் குளிர்ந்த காற்றுக்கும் தனிமைக்குமே. குடிமக்களின் பிள்ளைகள் அங்கே நடந்து சென்று உச்சியைக் காணவேண்டும் என்று எண்ணியவர் எவருமில்லர்.

இனி நமது கதைக்கு வருவோம். அது மலையிலே தொடங்கவில்லை. ஒரு சிறையிலே தொடங்குகிறது.

1875ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், முடியாட்சி மீண்டும் நிலைநாட்டப்பட்ட சில வாரங்களுள், அமைச்சர் ஒரோவியோ பிரபு பல்கலைக்கழகங்களுக்கு ஒரு சுற்றுநிருபம் அனுப்பினார். கத்தோலிக்க சமயக் கோட்பாட்டுக்கோ முடியாட்சிக்கோ மாறாக எதுவும் கற்பிக்கலாகாது என்பது அதன் சாரம். பேராசிரியர் பலர் எதிர்த்தனர். அவர்களுள் ஒருவர் மட்ரிட் மத்திய பல்கலைக்கழகத்தில் சட்டத் தத்துவம் கற்பித்த பிரான்சிஸ்கோ ஹினேர் தெ லோஸ் ரியோஸ். 1839இல் தென்ஸ்பெயினின் ரோந்தா நகரிற் பிறந்த அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அவரைக் கைதுசெய்து, நாட்டின் தென்கோடியிலுள்ள காதிஸ் நகருக்குக் கொண்டுசென்று, கடலோரக் கோட்டையிலே அடைத்தனர். பதவியும் பறிபோயிற்று.

பதவியிழந்த ஆசிரியன் என்ன செய்வான்? ஹினேரும், அஸ்காரதே, சல்மெரோன் முதலிய அவர்தம் தோழரும் 1876இல் மட்ரிட்டிலே தமக்கெனக் கல்விக்கூடமொன்றை நிறுவினர். சமயத்துக்கும் கட்சிக்கும் அரசாங்கத்துக்கும் கட்டுப்படாத அதற்குச் சுதந்திரக் கல்வி நிலையம் என்று பெயரிட்டனர். உயர்கல்விக்காகத் தொடங்கிய அந்நிலையம் 1878 முதல் சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. 1881இல் ஆட்சி மாறி, பறித்த பதவி ஹினேருக்குத் திரும்பக் கிடைத்தது. எனினும், நாடு திருந்தவேண்டுமாயின் பல்கலைக்கழகத்தை நம்பிப் பயனில்லை, ஏழு எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்தே தொடங்கவேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. தம் பிற்கால வாழ்வையெல்லாம் அப்பள்ளிக்கே அளித்தார்.

அங்கே மனப்பாடம் செய்யவேண்டிய பாடநூல்கள் இல்லை. பரீட்சைப் பயம் இல்லை. பரிசும் பிரம்பும் இல்லை. ஆசிரியரும் மாணவரும் உரையாடிக் கற்பர். மாணவன் தான் கண்டதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் தானே எழுதி, தானே படம் வரைவான். கற்கவேண்டிய பொருள் இருக்கும் இடத்துக்கே வகுப்புச் செல்லும். ஓவியம் கற்கப் பிராடோவுக்கும், தொழில் கற்க ஆலைக்கும், வரலாறு கற்க எஸ்கோரியலுக்கும் தொலேதோவுக்கும் செகோவியாவுக்கும் சென்றனர். இத்தகைய பயணங்கள் விடுமுறைக் கேளிக்கை அன்று, பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்று நிலையத்தார் விதித்தனர். ஹினேரின் மாணவரும் வலக்கையுமாகிய மனுவேல் பார்த்தொலொமே கொஸ்ஸியோ இப்பயணங்களுக்கு உயிராக விளங்கினார். ஓவியக் கலையை நுணுகி ஆராய்ந்த அவரே, ஓவியத்தின் பின்புலத்தைப் பார்க்கும் கண்ணையும் பிள்ளைகளுக்கு அளித்தார்.

இங்கே என் குறையொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் நானும் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்றவனே. ஒரே நாளில் ஒன்பது இடங்கள். மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது கட்டுரைகளிலும் இடத்தின் பெயர், கட்டிய மன்னனின் பெயர், ஆண்டு ஆகிய இவையே இருந்தன. இவை யாவும் நான் முன்னரே கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவை. ஒரு பையன் மட்டும், பஸ் பழுதாகி நின்ற இடத்திலே வயலில் நின்ற கொக்குகள் எவ்வாறு நடந்தன என்பதை ஒரு பக்கம் எழுதியிருந்தான். பொருளுக்குப் புறம்பானது என்று குறித்து அவனுக்குப் புள்ளியைக் குறைத்தேன். ஹினேரின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது முதலில் என் நினைவுக்கு வந்தவன் அந்தப் பையனே.

1883ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஹினேரும் கொஸ்ஸியோவும் மாணவர் குழுவொன்றோடு குவாதர்ராமாவை நடந்தே கடந்தனர். எஸ்கோரியல் வழியாகச் செல்லும் வடக்குப் புகையிரதப் பாதை 1861லேயே திறக்கப்பட்டிருந்தமையால், அடிவாரம் வரை போவது கடினமன்று. அதற்கப்பால் கால்களே துணை. நகரத்துப் பெற்றோர் அக்காலத்தில் இதனைப் பைத்தியக்காரச் செயல் என்று எண்ணியிருப்பர். மலை என்றால் ஆட்டிடையர், விறகுவெட்டிகள், கள்வர். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? வழியிலே கிடைக்கும் சத்திரத்திலும் சிற்றூர் வீடுகளிலும் இரவைக் கழித்து, கிராமத்தார் உண்பதை உண்டு, சுமையைத் தாமே சுமந்து நடப்பது அன்றைய மாணவருக்குப் புதிய பாடம்.

அப்பாடத்திலே மூன்று கூறுகள் இருந்தன. முதலாவது, அறிவு. பாறை எது, அது எவ்வாறு உண்டாயிற்று, ஓடை ஏன் இத்திசையில் ஓடுகிறது என்று காலடியில் உள்ளதைக் கேட்டறிவது. இதற்குத் துணைநின்றவர் நிலநூல் அறிஞர் ஹொசே மக்பேர்சன். அவருக்கு முன்பே, 1864இல், காசியானோ தெ பிராதோ என்னும் பொறியியலாளர், பெனியலாராவின் மடியில் பண்டைய பனியாறுகள் விட்டுச்சென்ற தடங்கள் உள்ளன என்று எழுதியிருந்தார். இரண்டாவது, அழகுணர்ச்சி. மூன்றாவது, ஒழுக்கம், களைத்தவனுக்காகக் காத்திருத்தல், உள்ளதைப் பகிர்ந்துண்ணல், குளிரையும் பசியையும் முறையிடாது பொறுத்தல்.

1886இல் ஹினேர் நிலக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நிலக்காட்சியைக் கண் மட்டும் நுகர்வதில்லை. தோலில் படும் காற்றும், மூக்கில் ஏறும் மூலிகை மணமும், கால் உணரும் நிலமும், காதில் விழும் நீரொலியும் சேர்ந்ததே அந்த இன்பம் என்பது அவர் கருத்து. அத்தோடு, மண்ணுக்கடியில் உள்ள பாறையை அறிந்தவனுக்கே மேலே தெரியும் அழகு முழுமையாகப் புலப்படும் என்றும் விளக்கினார். குவார்ராமில்யாஸ் என்னும் உச்சியிலிருந்து தம் தோழரோடும் மாணவரோடும் கண்ட ஓர் அந்திப்பொழுதைத் தம்மால் மறக்கவே இயலாது என்று அக்கட்டுரையில் அவர் நினைவுகூர்ந்தார். அவ்வனுபவம் கிட்டாமலே வளரும் நகரத்துப் பிள்ளைகளுக்காக இரங்கவும் செய்தார். அந்த உச்சியில் 1959 முதல் தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அவை தலைநகரிலிருந்தே கண்ணுக்குத் தெரிவன.

அதே 1886இல் குவாதர்ராமாவை ஆராய்வதற்கென ஒரு சங்கமும் தோன்றியது. பாறையும் தாவரமும் மட்டுமன்றி, மலைச் சிற்றூர்களின் வழக்கங்கள், தொழில்கள், கட்டடங்கள் ஆகியவற்றையும் அறிவது அதன் நோக்கம். மறு ஆண்டிலே, 1887இல், கொஸ்ஸியோ இன்னொரு படி மேலே சென்றார். வசதியுள்ள பிள்ளைகள் மலைக்கும் கடலுக்கும் செல்கின்றனர். ஏழைத் தொழிலாளியின் பிள்ளை கோடையெல்லாம் மட்ரிட் சந்துகளிலே வாடுவதா? சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் 1876இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, வறிய மாணவர் குழுவொன்றை வடகடற்கரையிலுள்ள சான் விசென்தே தெ லா பார்க்கெரா என்னும் ஊருக்குக் கோடை விடுதிக்கு அழைத்துச் சென்றார். ஸ்பெயினிலே பாடசாலைக் கோடை விடுதிகள் என்ற வழக்கம் அவ்வாறு தோன்றியது.

ஓவியரும் இதிற் பங்குகொண்டனர். நிலையத்தாரின் நண்பராகிய ஔரெலியானோ தெ பெருவேதே, வெலாஸ்கெஸைப் பற்றி 1898இல் நூலொன்று வெளியிட்டவர். அவரே பல்லாண்டுகள் வெளியிடத்தில் நின்று குவாதர்ராமாவைத் தீட்டினார். அவருடைய படங்களிலே இளவரசனும் இல்லை, குதிரையும் இல்லை. முன்னே மேட்டுநிலம், பின்னே பனிபடர்ந்த மலை, அவ்வளவே. வெலாஸ்கெஸின் பின்புலம் இவர் கையில் முழுப் படமாயிற்று.

பழைய மாணவர் வளர்ந்து பெரியோராயினர். பழகிய கால்கள் சும்மா இருக்குமா? 1908இல் ஸ்பானிய மலையேறுவோர் கழகம் தோன்றியது. 1913இல் பன்னிரு நண்பர் கூடிப் பெனியலாரா என்னும் சங்கத்தை நிறுவினர். அவர்களை வழிநடத்தியவர் ஹினேரின் மாணவரும் குற்றவியல் அறிஞருமாகிய கொன்ஸ்தான்சியோ பெர்னால்தோ தெ கீரோஸ். சங்கத்தார் பாதைகளைக் குறித்தனர், சஞ்சிகை வெளியிட்டனர், தங்குகுடில்கள் கட்டினர். 1923இல் செர்செதில்யாவிலிருந்து நவசெர்ராதா கணவாய்க்கு மின்சாரப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1964இல் அப்பாதை கோத்தோஸ் கணவாய் வரை நீட்டப்பட்டது. காலையில் நகரில் உணவருந்தியவன் நண்பகலுக்குள் 1,800 மீற்றருக்கு மேல் நிற்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. துணிக்கூடாரமும் கம்பளியும் சுமந்து, ஓரிரு இரவுகள் மலையில் பாசறை இட்டுத் தங்கும் வழக்கம் இளைஞரிடையே பரவியது.

ஹினேர் 1915 பெப்ரவரி 18ஆம் நாள் மட்ரிட்டிலே காலமானார். அவருடைய பள்ளியில் எட்டு வயதிலே சேர்ந்த மாணவரொருவர் பிற்காலத்தில் ஸ்பெயினின் மாபெருங் கவிஞருள் ஒருவரானார். அவரே அந்தோனியோ மச்சாதோ. ஆசிரியருக்கு அவர் பாடிய இரங்கற்பாவிலே, உடல் உறங்கவேண்டிய இடம் குவாதர்ராமாவே என்ற எண்ணத்தை அமைத்தார். உடல் அடக்கம் செய்யப்பட்டது மட்ரிட்டின் பொது மயானத்திலேதான். ஆனால் மறு ஆண்டு, 1916இல், லா பெத்ரீசா என்னும் பாறைப் பள்ளத்தாக்கிலே பெனியலாரா சங்கத்தார் கட்டிய கற்குடில் அவருடைய பெயரைப் பெற்றது. ஆசிரியர் ஒருவருக்கு அமைந்த நினைவுச் சின்னங்களிலே, நடந்து வந்தவனுக்கு ஓர் இரவு கூரை தரும் குடிலைக் காட்டிலும் பொருத்தமானது வேறெதுவோ நான் அறியேன்.

லா பெத்ரீசாவைச் சற்று நின்று காண்போம். மன்சனாரெஸ் ஆறு பாயும் அப்பள்ளத்தாக்கில், கருங்கற் பாறைகள் உருண்டும் அடுக்கியும் கோபுரமாயும் ஆமையாயும் தோன்றும். நுழைவாயில் போல நிற்கும் மன்சனாரெஸ் எல் ரியால் என்னும் ஊரிலே, மெந்தோசா குடும்பத்தார் 1475இல் தொடங்கிய கோட்டை அழகுற நிற்கிறது. கோட்டையைக் கண்டு, ஆற்றோரம் நடந்து, மாலையில் பாறைகள் இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டு திரும்புவது நகரவாசிக்கு ஒரு நாட் பயணம். 1930இல் லா பெத்ரீசாவும், பெனியலாராவின் உச்சியும் ஏரியும், இன்னொரு காடும் இயற்கைச் சிறப்பிடங்களாகப் பாதுகாக்கப்பட்டன. முன்னே நாம் குறித்த தலைமைக் குருவின் காவியத்துக்கு நினைவாகப் பாறையொன்றும் அவ்வாண்டில் நினைவுச்சின்னமாக்கப்பட்டது. 1932இல் நவசெர்ராதா சாலையோரத்தில் நிலநூல் அறிஞர் நால்வருக்கு நன்றியாக ஒரு நீரூற்று அமைத்தனர். வெற்றி வாகை சூடிய தளபதிகளுக்கே தூண் எழுப்பிய நாட்டில், கல்லை ஆராய்ந்தவருக்கு நீரூற்று எழுந்தமை சிறு மாற்றமன்று.

1931இல் குடியரசு மலர்ந்ததும், எழுபதைக் கடந்திருந்த தம் உடல் நலிவையும் பொருட்படுத்தாது கொஸ்ஸியோ கல்விப் பரப்புப் பணிக்குத் தலைமை ஏற்றார். பிராடோ ஓவியங்களின் பிரதிகள், நூல்கள், திரைப்படக் கருவி, நாடகம் ஆகியவற்றை வண்டியிலும் கழுதையிலும் ஏற்றிக்கொண்டு ஆசிரியரும் மாணவரும் ஒதுக்குப்புறச் சிற்றூர்களுக்குச் சென்றனர். முதற் பயணம் அவ்வாண்டு டிசம்பரில் செகோவியா மாகாணத்து ஐல்யோன் என்னும் ஊருக்கு. மலைப்பயணத்தில் கிராமத்தவர் வறுமையைக் கண்ட பள்ளிக்கூடம், அறுவடை செய்ததில் ஒரு பங்கை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது எனலாம். கொஸ்ஸியோ 1935இல் குவாதர்ராமா அடிவாரத்துக் கொல்யாதோ மெதியானோ என்னும் ஊரிலே கண்மூடினார். அதற்குப்பின் வந்ததைக் காணாமல் போனது அவர் பேறு.

1936 யூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சில நாட்களுக்குள் குவாதர்ராமாக் கணவாய்கள் போர்க்களமாயின. பிள்ளைகள் பாறையின் பெயர் கற்ற சரிவுகளிலே பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன. போர்முனை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அம்மலையிலேயே நின்றது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1940இல் வெளியிட்ட புகழ்பெற்ற நாவலின் களம் இம்மலையே. இன்றும் மலைநடை செல்வோர் பதுங்குகுழிகளையும் சீமெந்துக் காவலரண்களையும் பாதையோரத்திலே காணலாம்.

போரில் வென்ற ஜெனரல் பிராங்கோவின் அரசு 1940இல் சுதந்திரக் கல்வி நிலையத்தைக் கலைத்து அதன் சொத்துக்களைப் பறித்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர் விசாரிக்கப்பட்டுப் பதவி நீக்கப்பட்டனர். மச்சாதோ எல்லையைக் கடந்து, 1939இல் பிரான்சின் கொலியூர் என்னும் ஊரிலே மாண்டார். பெர்னால்தோ தெ கீரோஸ் கடல் கடந்து சென்று 1959இல் மெக்சிக்கோவில் காலமானார். அதே 1959இல்தான் எஸ்கோரியலுக்கு அண்மையிலே, மலையைக் குடைந்து, கைதிகளின் உழைப்பையும் கொண்டு கட்டிய மாபெரும் போர் நினைவாலயம் திறக்கப்பட்டது. 1975இல் பிராங்கோவின் உடல் அங்கே அடக்கப்பட்டது. 2019இல் அங்கிருந்து அகற்றப்பட்டது. கல்லிலே எழுதிய பெருமை எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. புதிய ஆட்சியும் இளைஞரை மலைக்கு அனுப்பியது. 1940இல் அமைத்த இளைஞர் முன்னணி குவாதர்ராமாவிலும் பாசறைகள் நடத்தியது. அதே மலை, அதே கூடாரம், அதே குளிர். ஆனால் அங்கே பிள்ளைகள் அணிவகுத்து நின்றனர், கொடிக்கு வணங்கினர், கட்டளைக்கு நடந்தனர். ஹினேரின் மாணவன் மலையிலே கேள்வி கேட்கக் கற்றான். இவர்கள் கேளாதிருக்கக் கற்றனர். ஆகவே, மலைக்கு அழைத்துச் சென்றால் மட்டும் கல்வி வந்துவிடாது. அழைத்துச் செல்பவன் பிள்ளையை என்னவாகக் கருதுகிறான் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

பிராங்கோவின் மறைவுக்குப்பின் நிலையத்தின் உடைமைகள் ஹினேர் பெயரிலுள்ள அறநிறுவனத்துக்கு மீண்டன. 1920களிலேயே எழுந்த தேசியப் பூங்காக் கனவும் நிறைவேறியது. 2013 யூன் மாதச் சட்டத்தால், மட்ரிட், செகோவியா மாகாணங்களில் பரந்த 33,960 ஹெக்டேயர் நிலம் குவாதர்ராமா தேசியப் பூங்காவாயிற்று. ஸ்பெயினில் அது பதினைந்தாவது.

எனினும் புதிய கவலையொன்று முளைத்துள்ளது. மலையை அறியாதிருந்த நகரம் இன்று அளவுக்கு மீறி அதனை நேசிக்கிறது. பெருநகரின் அயலிலுள்ள பூங்காவாதலால் கூட்டம் ஓயாது. லா பெத்ரீசாவுக்குள் நுழையும் மோட்டார் வண்டிகளின் தொகையை வரையறுக்கின்றனர். ஆற்றிலே குளிக்கத் தடை உண்டு. பூங்காவினுள் விரும்பிய இடத்திலே கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. பாசறையிட விரும்புவோர் வெளியே அதற்கென ஒதுக்கிய இடங்களையே நாடவேண்டும். முன்னோர் துய்த்த சுதந்திரம் நமக்கில்லையா என்று இளைஞர் சிலர் மனம் வருந்துவர். ஆனால் பன்னிரு நண்பர் தீமூட்டிய இடத்தில் பன்னீராயிரம் பேர் தீமூட்டினால் காடு தாங்காது. காத்திருத்தலும் பகிர்தலும் அந்நாளில் மாணவர் மலையிலே கற்ற பாடங்கள் அல்லவா? இன்று அந்தப் பாடம் நகரம் முழுவதற்கும் வந்திருக்கிறது.

நேயர்களே! மட்ரிட் செல்லும் வாய்ப்பு உங்களில் எவருக்கேனும் கிட்டுமாயின், பிராடோவையும் எஸ்கோரியலையும் செகோவியா நீர்ப்பாலத்தையும் காணுங்கள். அவை காணத் தக்கனவே. அதன்பின் ஒரு நாளை ஒதுக்கிச் செர்செதில்யாவிலிருந்து புவென்ஃப்ரியாப் பாதையிலே இரண்டு மணி நேரமாவது நடந்து பாருங்கள். பிள்ளைகள் உடன் வந்தால் அவர்களுக்கு எதனையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நீங்களும் நில்லுங்கள்; அவர்கள் எதனைச் சுட்டிக் கேட்கிறார்களோ அதனையே முதலிற் பாருங்கள். அது வயலில் நிற்கும் கொக்காக இருந்தாலும் சரியே. புள்ளியைக் குறைத்தவன் ஒருவனின் வேண்டுகோளாக இதனை ஏற்றுக்கொள்ளுங்கள்.